சேலம் வழி வேலூர்

திருத்தணிக்குப் பக்கத்து ஊரான வேலஞ்சேரியில் 1977-இல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராஜிதன் காலத்தது, மற்றது முதலாம் பராந்தக சோழன் காலத்தது. செப்பேடு என்றால் அதற்கென ஒரு நடைமுறை உண்டு. கொடையைச் சொல்வதற்கு முன் குலத்தைச் சொல்லியாக வேண்டும். பல்லவர் வரிசை பிரம்மாவில் தொடங்கி அங்கிரஸ், பிரகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கி, அதன் பிறகே பல்லவன் என்ற பெயருக்கு வந்து சேரும். சோழர்களுக்குச் சூரியன் முதல் தாத்தா. நிலத்தைக் கொடுப்பவனுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு ஒருவன் கேட்டுவிடக் கூடாதல்லவா, அதனால் கடவுளையே முதல் சாட்சியாகப் போட்டுவிட்டார்கள்.

வம்சாவளியை யாரும் சும்மா எழுதுவதில்லை. நிலமோ மானியமோ மரியாதையோ, ஏதோ ஒன்றை நிலைநாட்டவே எழுதுகிறார்கள். அரசருக்குச் செப்பேடு. நமக்குத் தாலுகா ஆபீஸில் வாங்கும் வாரிசுச் சான்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

திருத்தணியை உள்ளடக்கிய இதே ஆற்காட்டு மண்ணோடு பிணைந்த இன்னொரு வம்சாவளி உண்டு. அதற்குத் தெய்வ மூலம் கிடையாது. அது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒரு குடியேற்றக்காரரிடம் தொடங்கி, அமெரிக்கப் புரட்சிப் போரில் குண்டடிபட்டு இறந்த ஒரு கர்னல் வழியாக, யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் தொட்டு, ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் வந்து நிற்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, புத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் "வேலூருக்குப் போறோம்" என்று கம்மிய குரலில் சொன்னால், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பொருள். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான் அது.

அவர்களின் அமெரிக்க மூதாதை தாமஸ் ஸ்கடர். இங்கிலாந்திலிருந்து போனவர். 1640-களில் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் குடியிருந்தார். இந்தச் சேலம் மாம்பழச் சேலம் அல்ல, பைபிளில் வரும் சேலத்தின் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட ஊர். 1692-இல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தூக்கிலிட்ட வழக்குகளால் உலகமறிந்த ஊரும் அதுவே. அதற்குள் தாமஸின் பிள்ளைகள் தெற்கே லாங் ஐலண்டுக்குப் போய்விட்டார்கள். சவுத்ஹோல்டு, ஹண்டிங்டன் என்ற குடியேற்றங்களில் நிலம் பிடித்தார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒரு கிளை கடலைத் தாண்டி நியூ ஜெர்சியில் காலூன்றியது. அந்தக் கிளையில் 1733-இல் பிறந்தவர் நத்தானியல் ஸ்கடர்.

நத்தானியல் தொழிலால் மருத்துவர். பின்னாளில் பிரின்ஸ்டன் என்று பெயர்பெற்ற கல்லூரியில் 1751-இல் பட்டம் வாங்கி, மான்மத் வட்டாரத்தில் வைத்தியம் பார்த்தார். புரட்சி மூண்டதும் அந்த வட்டாரத்துக் குடிப்படையில் கர்னல் ஆனார். நாட்டுப் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸில் உறுப்பினர் ஆனார். பதின்மூன்று குடியேற்றங்களையும் ஒரே கூட்டமைப்பாகக் கட்டிய முதல் உடன்படிக்கையில் நியூ ஜெர்சியின் சார்பில் 1778 நவம்பரில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1781 அக்டோபர் நடுவில், மன்னர் பக்கம் நின்றவர்கள் கடற்கரை ஊர்களில் புகுந்து கொள்ளையிட்டபோது, ஷ்ரூஸ்பரிக்கு அருகே நடந்த கைகலப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காங்கிரஸின் உறுப்பினர்களில் போர்க்களத்தில் இறந்தவர் அவர் ஒருவரே என்று அமெரிக்க வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவர் இறந்த சில நாட்களில், 19-ஆம் தேதி, யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். ஒரு வாரம் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

அதே மாதம் திருத்தணிப் பக்கம் எப்படி இருந்தது? செப்டம்பர் 27-ஆம் தேதி சோளிங்கரில் மைசூரின் ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதியிருந்தன. திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வென்ற கூட்டின் படைக்குச் சோறு இல்லை. அரிசி தேடி அது கார்வேட்டிநகரப் பாளையத்துக்குள் நுழைந்தது. திருத்தணியும் அந்தப் பாளையத்தைச் சேர்ந்த ஊர்தான். இரண்டு போர்களும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. அமெரிக்கருக்கு ஆதரவாகப் பிரான்ஸ் 1778-இல் களத்தில் இறங்கியதும், கம்பெனி பாண்டிச்சேரியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு மாஹேயை எடுத்தது. தன் பாதுகாப்பில் இருந்த மாஹேயைத் தொட்டதில் ஐதருக்குக் கோபம். 1780-இல் அவர் அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுப் பகுதிக்குள் இறங்கினார். பாஸ்டனில் பற்றிய தீ ஆற்காட்டு வயல்வரை வந்தது என்று சொன்னால் அது வெறும் அலங்காரம் அல்ல. அங்கே பென்சில்வேனியாக்காரர்கள் 1782-இல் ஒரு போர்க்கப்பலுக்கு ஐதர் அலியின் பெயரையே வைத்தார்கள். யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸோ ஐந்தாண்டு கழித்துக் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து, ஐதரின் மகன் திப்புவை 1792-இல் பணியவைத்தார்.

ஆற்காட்டில் செத்தவர்களின் பெயர் ஒரு வம்சாவளியிலும் ஏறவில்லை. நத்தானியலின் பெயர் ஏறியது. ஏன் என்பதுதான் ஆராய வேண்டியது.

அமெரிக்காவில் சாதாரணச் சிப்பாயின் குடும்பத்துக்குக்கூட இன்று எட்டு ஒன்பது தலைமுறை சொல்ல முடிகிறது என்றால் அதற்கு முதல் காரணம் பென்ஷன். 1800-இல் வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் எரிந்து பழைய படைப் பதிவுகள் சாம்பலாயின. ஆனால் 1818-இலும் 1832-இலும் வந்த பென்ஷன் சட்டங்கள் கிழவர்களை நீதிபதி முன் நிறுத்தின. எந்தப் படையில் இருந்தாய், யார் கீழே, எந்தக் குளிர்காலத்தில் எங்கே தங்கினாய் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1836-க்குப் பிறகு விதவைகளும் வந்தார்கள். கல்யாணம் நடந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டபோது பலர் வீட்டுப் பைபிளைப் பிரித்து, பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதியிருந்த ஏட்டைக் கிழித்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கிழிந்த தாள்கள் இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு பக்கம் பிய்ந்த ஓரம், பழுப்பேறிய மை, ஒரே குடும்பத்தில் மூன்று கைகள் எழுதிய பெயர்கள். கணவன் செத்துப் பல ஆண்டு கழித்து ஒரு கிழவி வேதப் புத்தகத்தைக் கிழிக்கிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு முடை இருந்திருக்கும்!

பிறகு கௌரவம் வந்து சேர்ந்தது. புரட்சி வீரர்களின் வழிவந்த ஆண்களின் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாததால், 1890-இல் 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற சங்கத்தைப் பெண்களே தொடங்கினார்கள். உறுப்பினராக வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் காட்ட வேண்டும். பாட்டி சொன்னாள் என்பது செல்லாது.

நம் பக்கத்தில் இதற்கு ஈடு எதுவென்றால் இனாம் பதிவேடு. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், வரியில்லா நிலம் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று விசாரித்து எழுதியது. கோயில் நில வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் 'ஐ.எஃப்.ஆர்.' என்று சொல்லித் தேடுவது அந்தப் பதிவேட்டைத்தான். ஆனால் இனாம் இருந்தவர்களுக்குத்தான் அதில் இடம். குடியானவனுக்கு இல்லை, அவனிடம் கூலிக்கு உழுதவனுக்குச் சுத்தமாக இல்லை. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர் சொல்லுகிற வழக்கம் உள்ள வீட்டில்கூட நான்காவது பெயர் கேட்டால் தலையைச் சொறிவார்கள்.

ஸ்கடர் கதைக்குத் திரும்புவோம். நத்தானியலின் மகன் ஜோசப், வக்கீல். ஜோசப்பின் மகன் ஜான் 1793-இல் ஃப்ரீஹோல்டில் பிறந்தார். தாத்தாவைப் போல இவரும் டாக்டர். நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழில். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்து மனம் மாறி, 1819 ஜூனில் மனைவி ஹாரியட் வாட்டர்பரியோடும் குழந்தையோடும் கப்பலேறினார். அந்தக் குழந்தை இந்தியாவைத் தொட்டதும் இறந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமனை வைத்தார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி என்று அவரைச் சொல்கிறார்கள். 1836-இல் சென்னைக்கு வந்தார். அவரோடு வந்தவர் மிரோன் வின்சுலோ. பின்னாளில் பெரிய தமிழ் அகராதியை வெளியிட்டாரே, அவர்தான்.

ஜானின் மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளாக வேலை செய்தார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின், சகோதரர்கள் வில்லியம், ஜோசப் ஆகியோருடன் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார். சைலஸ் 1866-இல் ராணிப்பேட்டை மருத்துவமனையைத் தொடங்கினார். கடைக்குட்டிக்கும் ஜான் என்றே பெயர். 1835-இல் சாவகச்சேரியில் பிறந்தவர். இவருடைய மகள்தான் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா. நம் கணக்கில் நத்தானியலுக்கு எள்ளுப்பேத்தி.

இந்தக் குடும்பத்தின் பெயர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது தமிழ் வழக்கம், பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். ஸ்கடர்களும் அப்படியே செய்தார்கள். ஜான், ஹென்றி, ஜோசப் என்று திரும்பத் திரும்ப வரும். வேலூரில் ஐடாவோடு வேலை செய்த அண்ணன் மகளும் ஐடாவே. கதிரியக்க மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பிய அவரை 'ஐடா பி' என்று பிரித்துச் சொன்னார்கள். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் வைத்து எழுதுகிறவர்கள் ஒரு ஜானின் மனைவியை இன்னொரு ஜானுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். ஆனால் அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒரு வசதி இருந்தது: நடுப்பெயர். வில்லியம் வாட்டர்பரி, ஜாரெட் வாட்டர்பரி என்று இரண்டு பிள்ளைகளின் நடுவில் அம்மா ஹாரியட்டின் பிறந்த வீடு உட்கார்ந்திருக்கிறது. நம் இனிஷியலில் அப்பா மட்டுமே ஓர் எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறார். அம்மாவுக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லை.

தெலுங்கர் வழக்கு வேறு. அவர்களுக்கு இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர், முன்னால் நிற்கும். பெரும்பாலும் அது குடும்பம் கிளம்பி வந்த ஊரின் பெயர். இரண்டு மொழியும் புழங்கும் திருத்தணியில் ஒரே தெருவில் இனிஷியல்காரரும் இண்டிபேருக்காரரும் இருப்பார்கள். இவ்வூர்ப் பக்கம் பிறந்தவர்களில் புகழ்பெற்றவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அப்பா வீராசாமி ஒரு ஜமீனில் கீழ்நிலை வருவாய் ஊழியர். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். குடும்பம் எப்போது, ஏன் தெற்கே வந்தது என்ற விவரமெல்லாம் உதிர்ந்த பிறகும் ஊர்ப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பையன் படித்த கல்லூரி எது? வேலூரில் ஆற்காடு மிஷன் நடத்திய, பின்னாளில் வூர்ஹீஸ் என்று பெயர் வழங்கிய கல்லூரி. எலிசபெத் ராட்மன் வூர்ஹீஸ் என்ற நியூ ஜெர்சிப் பெண்மணியின் பெயர் அது. நியூ ஜெர்சி வூர்ஹீஸ்களின் மூதாதை ஸ்டீவன் குர்ட்டே 1660-இல் 'பான்ட்டெ கூ', அதாவது 'புள்ளிப் பசு', என்ற கப்பலில் நெதர்லாந்திலிருந்து வந்து லாங் ஐலண்டில் இறங்கினார். ஹீஸ் என்ற கிராமத்துக்கு முன்னால் இருந்த குடும்பம் என்பதால் வான் வூர்ஹீஸ். சர்வபள்ளிக்காரர் ஹீஸ் முன்காரர் கல்லூரியில் படித்தார்! இரண்டு பெயரும் விட்டு வந்த ஊரைத் தூக்கிக்கொண்டு வந்த பெயர்கள். இரண்டு வம்சத்திலும் இன்று யாரும் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போக நினைத்திருக்க மாட்டார்கள்.

எழுதிவைத்ததெல்லாம் சரியாக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ராதாகிருஷ்ணன் பிறந்தது 1888 செப்டம்பர் 5 என்று பதிவு. ஆசிரியர் தினமும் அன்றே. ஆனால் தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே அவர் நம்பியதாக மகன் எஸ். கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. குடியரசுத் தலைவராக இருந்தவருக்கே இந்தக் கதி.

ஐடாவுக்கு வருவோம். சிறுமியாக இருந்தபோது 1876–78 பஞ்சத்தைப் பார்த்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, இந்தியா வேண்டாம் என்ற முடிவோடு இருந்தவர். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள 1890-இல் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவு நடந்ததை அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்தார், மனைவிக்குப் பேறுகால வலி, வந்து பாருங்கள் என்று. என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பினார் அவர். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார், அதே பதில். பிறகு இன்னொரு இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். ஒரு கட்டிலோடு தொடங்கியது 1902-இல் ஷெல் மருத்துவமனையாகி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. அதன் முதல் அணியில் 14 பேர் 1922-இல் படிப்பை முடித்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஐடாவையே பார்க்கிறார்கள். கொஞ்சம் அந்த மூவரையும் பார்க்கலாம். சொல்லப்பட்டு வரும் கதையில் அவர்களுக்குச் சாதி இருக்கிறது, மதம் இருக்கிறது, கணவர் இருக்கிறார், பெயர் இல்லை. ஐடாவின் மூதாதை சேலத்தில் குடியிருந்தது 350 ஆண்டுக்கு மேல் கழித்தும் தெரிகிறது. ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட பெண்களின் பெயர் விடிந்தபோதே போய்விட்டது. ஸ்கடர் குடும்பத்துக்கு நினைவாற்றல் அதிகம் என்பதல்ல காரணம். கடிதம் எழுதினார்கள், அதை வாங்கியவர்கள் தூக்கிப்போடவில்லை, மிஷன் அலுவலகம் ஆண்டறிக்கை கேட்டது, அச்சிட்டது. ஐடாவின் தாள்கள் ஹார்வர்டில் ஷ்லெசிங்கர் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. வம்சம் நீள்வதற்கு ரத்தம் மட்டும் போதாது, அலமாரியும் வேண்டும்.

மிஷன் வரலாறுகளைப் புகழுரையாகவே படிப்பதில் ஆபத்து உண்டு. ஆற்காடு மிஷன் ஆஸ்பத்திரி நடத்தியதற்கு முன்பே தெருமுனைகளில் நின்று உள்ளூர்த் தெய்வங்களைக் கடுமையாகத் தாக்கிப் பிரசங்கம் செய்தது. அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆனால் வம்சாவளி தேடுகிறவருக்கு அந்த மிஷன் விட்டுப்போனதில் விலைமதிப்பற்றது ஒன்று உண்டு: ஞானஸ்நானப் பதிவேடுகள். சேரிகளில் இருந்து கிறிஸ்தவர்களான குடும்பங்களுக்கு இனாம் இல்லை, பட்டா இல்லை, கல்வெட்டு இல்லை. அப்பா பெயரும் அம்மா பெயரும் ஊரும் தேதியும் முதல்முதலாக ஒரு தாளில் ஏறியது பல குடும்பங்களுக்கு அந்தப் பதிவேட்டில்தான். பல்லவனுக்குச் செப்பேடு செய்ததை இவர்களுக்கு ஒரு பாதிரியாரின் பேனா செய்தது. முன்னோராகக் கடவுள் வராதது ஒன்றுதான் வித்தியாசம்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே 24-ஆம் தேதி கொடைக்கானலில் இறந்தார். அதற்கு ஏழு வாரத்துக்கு முன், ஏப்ரல் 1-ஆம் தேதி, திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோரின் நெடிய எல்லைப் போராட்டம் அது. எல்லை மாறியதில் வம்சம் தேடுகிறவருக்கு ஒரு தலைவலியும் வந்தது. திருத்தணி 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. 1960-இல் செங்கல்பட்டுக்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர். ஒரே வீட்டில் ஒரே கூடத்தில் பிறந்த தாத்தா, அப்பா, மகன், பேத்தி நாலு பேரும் நாலு மாவட்டத்தில் பிறந்தவர்களாக இருக்கலாம். தாத்தாவின் பத்திரம் தெலுங்கில் இருக்கலாம், பேத்தியின் பத்திரம் தமிழில்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அப்பா வழிப் பெயர்கள் எப்படியாவது ஒரு பத்திரத்தில் கிடைத்துவிடும். பாட்டியின் அம்மா பெயரையும் அவள் பிறந்த ஊரையும் முதலில் கேளுங்கள். எழுதும்போது ஆண்டைப் போடுங்கள். ஊர் திருத்தணி என்றால், அந்த ஆண்டில் அது எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.